படியளக்கும் பெட்டி

கடலோர ஊரான செரிரித்தில், சந்தையை ஒட்டிய தெருவில் வண்டிகளுக்கு வயர் வேலை பார்க்கிற ரெடானாவுக்குக் கை சுத்தம். வாய்தான் ஒரு முழம் நீளம். "வயர் ஓடுற எதுவும் என்கிட்ட பொய் சொல்ல முடியாது" என்று வருகிறவர்களிடம் அடித்துவிடுவான். அப்படிப்பட்டவனுக்குத்தான் சொந்த அக்காள் வீட்டு வேன் இந்தக் கிராம்புப் பருவம் முழுக்கத் தண்ணி காட்டியது.

அக்காள் சுமெர்த்தி மேலே மலைக்கிராமத்தில் இருக்கிறாள். கிராம்புத் தோட்டம் கொஞ்சம், பன்றி நாலைந்து, புருஷன் காரியாசா. பிள்ளைகள் தெற்கே ஓட்டல் வேலைக்குப் போய்விட்டார்கள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து அவள் வாரத்தில் இரண்டு நாள் சிங்கராஜா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடது கையில் ஊசி குத்தி, ரத்தத்தை மெஷினுக்குள் அனுப்பி, சுத்தம் பண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். மேலும் தள்ளிப்போட்டால் நீர் நெஞ்சுக்கு ஏறும். கிராம்பு மூட்டை இறக்குவதற்கென்று வாங்கிய பழைய வேன்தான் அவளை மலையிலிருந்து இறக்கிக் கடலோரச் சாலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வரும்.

ரெடானா ஒரு முறை துணைக்குப் போயிருந்தான். அக்காளின் ரத்தம் அவள் உடம்பை விட்டு வெளியே வந்து, கண்ணாடிபோன்ற குழாயில் சுற்றி, மெஷினுக்குள் நுழைந்து, இன்னொரு குழாய் வழியாக அவளிடமே திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். குழாயைத் தொட்டுப் பார்த்தான். இளஞ்சூடாக இருந்தது. உயிரோடு இருக்கிற ஒருத்தியின் சூடு உடம்புக்கு வெளியே ஓடுகிறது, அவள் படுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரியிடம் பன்றி விலை பேசிக்கொண்டிருக்கிறாள். அவனுக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போனது. கடைக்கு வந்த பிறகும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

வேன் ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று மூச்சை நிறுத்திவிடும். காரியாசா ஓரங்கட்டி, சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். செல்ஃப் சுற்றும், இஞ்சின் பிடிக்காது. கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனால் அந்த அளவுக்கு மெஷினில் படுக்கும் நேரம் குறையும். ரெடானா பேட்டரியை மாற்றினான். எர்த் வயரைச் சுரண்டிப் பளபளப்பாக்கினான். டைனமோவைப் பிரித்துப் பார்த்து, "இது நம்மளையெல்லாம் அடக்கம் பண்ணின பிறகும் ஓடும்" என்றான். வேன் மறுபடி நின்றது.

கடைசியாக, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நின்றது செரிரித்திலேயே, அவன் கடைக்குக் கொஞ்சம் மேலே. ஓடிப்போய்ப் பானெட்டைத் தூக்கினான். பேட்டரிக்குப் பக்கத்தில் சோற்றுப் பாத்திர அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஜங்ஷன் பாக்ஸ். பேட்டரியிலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு வயர் அதற்குள் போகும். விளக்குக்கு இவ்வளவு, பெட்ரோல் பம்புக்கு இவ்வளவு, ஹாரனுக்கு இவ்வளவு என்று அங்கேதான் பாகம் பிரியும். பாதையில் காவலுக்கு ஃபியூஸ்கள். மின்சாரத்துக்கு வழி திறந்து அடைப்பதற்கு ரிலேக்கள், ஒவ்வொன்றும் பாதித் தீப்பெட்டி அளவுக்கு. ரெடானா ஸ்குரூ டிரைவரின் பிடியால் பம்பு ரிலேயின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். "இப்ப அடிங்க அத்தான்" என்றான். வேன் பிடித்துக்கொண்டது.

"அகப்பட்டுக்கிட்டான் திருடன்! ரிலேதான். இவன் ஹாரனுக்குப் போகட்டும், ஹாரன் ரிலே நல்லாத்தான இருக்கு, அது பம்புக்கு வரட்டும். ரெண்டும் ஒரே சாதி. நீங்க கெளம்புங்க, சாயங்காலம் புதுசு வாங்கி வைக்கிறேன்."

இரண்டையும் இடம் மாற்றிக் குத்தினான். இஞ்சின் சீராக ஓடியது. கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். ஹாரனை அடித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் காரியாசா மோட்டார் சைக்கிளில் கடை வாசலில் வந்து நின்றார். முகம் ராத்திரி முழுக்க உறங்காத முகம்.

"மறுபடி நின்னுருச்சா அத்தான்?"

"நிக்கல மாப்ளே. ஓடுச்சு. நல்லா ஓடுச்சு. ஊரைத் தாண்டி அந்த ஆலமரத்துக் கோயில் வளைவு இருக்குல்ல, அங்க ஹாரனை அமுக்குறேன், அமுக்குறேன், ஊமையா இருக்கு."

அந்த வளைவில் ஹாரன் அடித்துக் கோயில் சாமியிடம் உத்தரவு கேட்காமல் எங்கள் பக்கத்தில் ஒருத்தனும் வண்டி ஓட்டமாட்டான். பஸ்காரன் அடிப்பான், போலீஸ்காரன் அடிப்பான், பிணம் கொண்டுபோகிற வண்டிக்காரன்கூட ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவான்.

"நான் சும்மா விட்டுட்டுப் போயிருப்பேன்" என்றார் காரியாசா. "உங்க அக்கா வண்டிய நிறுத்தச் சொல்லிட்டா. இறங்கிக் கும்பிட்டா. அப்புறம், 'திருப்புங்க, வீட்டுக்குப் போவோம்'ங்கிறா. 'வண்டி நின்னு நின்னு சொல்லிப் பாத்துச்சு, நாம கேக்கல. இப்ப வாயையும் மூடிக்கிச்சு. இனிமே நான் வரமாட்டேன்'னுட்டா."

"நீங்க திருப்பிட்டீங்களா?"

"அவ சொல்லி நான் எதைத் திருப்பாம இருந்திருக்கேன்? ராத்திரி பூரா படுக்க முடியல அவளுக்கு. தூணில சாஞ்சு உக்காந்தே இருந்தா. நர்ஸு போன் பண்ணாங்க. இன்னைக்கு மத்தியானம் ஒரு மெஷின் காலியாகுதாம், எப்பாடு பட்டாவது கூட்டிட்டு வாங்கன்னாங்க. இன்னைக்கும் விட்டா நெஞ்சுல தண்ணி ஏறிரும்னாங்க. வேற வண்டி கூப்பிடுறேன்னேன். 'எந்த வண்டியிலயும் ஏறமாட்டேன்'ங்கிறா. நீ வந்து பேசு மாப்ளே. நீ பேசினா கேப்பா."

"பேசுறேன். மொதல்ல பெட்டிய அவுக்குறேன்" என்றான் ரெடானா. கருவிப் பையையும் புது ரிலேக்களையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினான்.

மேலே போகப் போகச் சாலையின் பாதியை அடைத்துப் பாய் விரித்துக் கிராம்பு காய்ந்துகொண்டிருந்தது. மழை போய் மாதக்கணக்காகிறது. மண் வெடித்திருந்தது, காற்றில் அந்தக் காரமான மணம்.

சுமெர்த்தி அடுப்படிக்கு வெளியே தூணில் சாய்ந்திருந்தாள். கால் இரண்டும் ஊதிப் பளபளத்தன. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாத உடம்பு. ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாரு டாக்டரு" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "வண்டிக்கு வைத்தியம் பண்ணு. எனக்குப் பண்ணாத."

"நீ மூச்ச மிச்சம் பிடி அக்கா. திட்டுறதுக்கு வேணும்."

"அடுப்புல அத்தான் மரவள்ளி அவிச்சு வச்சிருக்காரு. தின்னுட்டு வேலையப் பாரு."

அவன் தின்னவில்லை. பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தான். முதலில் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி ஓரமாக வளைத்து வைத்தான். இதைச் செய்யாமல் உள்ளே ஸ்பேனரை விட்டு வாணவேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. பிறகு ஹாரனுக்கென்று தான் மாற்றிக் குத்திய ரிலேயைப் பிடுங்கி, கத்தி முனையால் அதன் தொப்பியை நெம்பினான்.

உள்ளே ஒரு சின்னத் தகடு இன்னொரு தகட்டை முட்ட வேண்டும். முட்டினால்தான் மின்சாரம் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு எறும்பு கரிந்து ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி, செத்த எறும்புகள் கடுகு கொட்டினதுபோலக் குவிந்து கிடந்தன.

"அடப்பாவிகளா" என்றான் ரெடானா. நடுவில் ஒரு எறும்பு நசுங்கினால் தகடு முட்டாது. தகடு முட்டாவிட்டால் பம்பு ஓடாது, பெட்ரோல் வராது. தட்டினால் எறும்பு விலகும், வண்டி கிளம்பும். இத்தனை நாள் தன்னை அலையவிட்டது ஒரு எறும்பின் கனம். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

ஆனால் இவ்வளவு எறும்பு எங்கிருந்து வருகிறது? கிளிப்புகளை விடுவித்து, பெட்டியின் மேல்தட்டை மெதுவாகத் தூக்கினான். தூக்கினவன் அப்படியே நின்றுவிட்டான்.

அடியில் ஒரு ஊரே இருந்தது. வயர்களுக்கிடையில் மண் பொடியும் சருகும் வைத்துக் கட்டின சுவர்கள். அறை அறையாக வெள்ளை முட்டைகள், ஒன்றுகூடச் சிதறாமல். வெளிச்சம் பட்டதும் எறும்புகள் ஆளுக்கொரு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடின. ஒன்றாவது முட்டையைப் போட்டுவிட்டுத் தான் மட்டும் ஓடவில்லை. மலைக்கு மேலும் கீழும் இந்த ஆட்டம் ஆடுகிற வண்டிக்குள், இஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில், பேட்டரி மின்சாரம் பாய்கிற தகடுகளுக்கு அடியில், இவ்வளவு நிதானமாக ஒரு குடித்தனம். ரெடானா வயர் வேலைக்கு வந்து எத்தனையோ பெட்டிகளைத் திறந்திருக்கிறான். எலி பார்த்திருக்கிறான், பல்லி முட்டை பார்த்திருக்கிறான். இந்தமாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. கோயில் கருவறையை எட்டிப் பார்த்ததுபோல அவனுக்குத் தலை தானாகக் குனிந்தது.

அப்போதுதான் பார்த்தான். எறும்புகள் எல்லாமே முட்டை தூக்கவில்லை. சில அரிசி தூக்கின. அரிசியில்லை, சோற்றுப் பருக்கை. காய்ந்து கண்ணாடியாகிப்போன பருக்கைகள் ஃபியூஸ் இடுக்கெல்லாம் விழுந்து கிடந்தன. தடித்த வயர் வந்து சேர்கிற நட்டில் உப்புப் பூத்துப் பச்சையாகப் படிந்திருந்தது.

வேனுக்குள் சோறு எப்படி வந்தது?

அடுப்படியிலிருந்து காரியாசா வந்தார். கையில் முறம். அதில் கிழித்த வாழையிலைத் துண்டுகள்; ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகைச் சோறும் இரண்டு கல் உப்பும். உலை இறக்கியதும் வீட்டார் வாய் வைப்பதற்கு முன்னால் வைக்கிற படையல் அது. எந்நாளும் சுமெர்த்திதான் வைப்பாள். இன்றைக்கு அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் அடுப்பு மேட்டில் ஒன்று வைத்தார். தண்ணீர்ப் பானையடியில் ஒன்று, அம்மியில் ஒன்று, வாசலில் ஒன்று. தண்ணீர் தெளித்துக் கும்பிட்டார். முறத்தில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வேனுக்கு வந்தார்.

"மாப்ளே, உங்க அக்கா இதையும் வைக்கச் சொன்னா. ஏதோ கறுப்புப் பெட்டியாமே, மூடியத் தொறந்து உள்ள வைக்கணுமாம். எது அது?"

ரெடானா இலையைப் பார்த்தான், சோற்றைப் பார்த்தான், உப்பைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான்.

"தெனமும் வைப்பாளா?"

"எனக்கெங்க தெரியும்? அவ வைக்கிற எடத்தையெல்லாம் எண்ணிட்டா இருக்க முடியும்? பானெட்டத் தூக்கிட்டு நிப்பா, பாத்திருக்கேன். டயருக்குக்கூடப் பூ வைக்கிறவதான, அதுமாதிரின்னு நெனச்சேன்."

அக்காள் மெஷினுக்குப் போக ஆரம்பித்த புதிதில் இதே முற்றத்தில் இதே பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அவன். என்னடா அது என்று கேட்டாள். தெரிந்ததைப் பெருமையாகச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காதே. "இதுதான்கா வண்டிக்கு உயிரு. உள்ள உக்காந்து எல்லாத்துக்கும் படியளக்குறது இவன்தான். இவன் கைய மூடிட்டான்னா அவ்வளவுதான்" என்று கையை விரித்து மூடிக் காட்டியிருந்தான். படியளக்கிற இடம் என்று சொன்னால் அவள் வேறென்ன செய்வாள்? அங்கேயும் ஒரு பிடி சோறு வைத்தாள், உப்போடு, தண்ணீர் தெளித்து. வெளியே மண் வெடிக்கிற வறட்சி. உள்ளே ஈரமும் சோறும். எறும்புக்கு இதைவிடச் சொர்க்கம் ஏது?

சொல்லாமல் கழுவி மூடிவிடலாம். ஆனால் சொல்லாவிட்டால் வண்டி நின்றது தெய்வத்தின் வாக்காகவே நிற்கும், அவள் ஏறமாட்டாள். சொன்னால், தான் வைத்த சோறுதான் தன்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்று நொந்துபோவாள். கையைத் துடைத்துக்கொண்டு தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒரு எடம் வரைக்கும் நடக்க முடியுமா? வேன் வரைக்கும்."

"ஏத்தப் பாக்குறியா?"

"சத்தியமா இல்ல. ஒண்ணு காட்டணும்."

காரியாசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். ரெடானா மேல்தட்டைத் தூக்கிப் பிடித்தான். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"நான் வச்ச சோறா?"

"ஆமாக்கா. அதுக்குத்தான் வந்திருக்குதுக. ரிலேக்குள்ள போய் நசுங்குனதுல பம்பு நின்னுச்சு. நான் அதைப் பிடுங்கி ஹாரன்ல குத்தினேன், ஹாரன் ஊமையாயிருச்சு. அடிச்சுப் பாக்காம அனுப்புனது என் தப்பு. படியளக்குறான் அது இதுன்னு ஒளறுனதும் நான்தான். வண்டி உன்ன வேண்டாம்னு சொல்லல. சாமியும் சொல்லல. எறும்புக்கா, வெறும் எறும்பு."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். முகத்தில் வருத்தமே இல்லை. அவனுக்கு அதுதான் கலக்கமாக இருந்தது.

"நான் இங்க சோறு வச்சுட்டு என்ன கேட்டேன்னு உனக்குத் தெரியுமாடா?"

"பத்திரமா கொண்டுபோய்க் கொண்டுவான்னு கேட்டிருப்ப."

"மொதல்ல அதத்தான் கேட்டேன்." வாயிலிருந்த கிராம்பைத் துப்பினாள். "அப்புறம் மாத்திக் கேட்டேன். கை பூரா ஓட்ட. நாக்கு காஞ்சு போயிருது. வந்து ரெண்டு நாள் மனுசியா இருக்கேன், மறுபடி கெளம்பணும். இவரு காட்டு வேலைய விட்டுட்டு எனக்கு டிரைவரா அலையுறாரு. போதும்னு என் வாயால சொல்ல முடியல. அதான் இதுகிட்ட சொன்னேன். 'நீதான படியளக்குற, கைய மூடிக்கோ. நான் நிறுத்துனேன்னு வேண்டாம், நீ நின்னதா இருக்கட்டும்'னு. மறு வாரமே நின்னுச்சு. கேட்டது கெடச்சிருச்சேன்னு நெனச்சேன்டா."

கொட்டிலில் பன்றி உறுமிற்று. மின்சாரம் எந்த வழியாகப் போய் எங்கே சேருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற ரெடானா, ஒரு மனுஷியின் வேண்டுதல் எந்த வழியாகப் போய் எங்கே சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து மலைத்துப்போய் நின்றான்.

காரியாசா அவளைத் தாங்கின கையை எடுக்கவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே, சுமெர்த்தி" என்றார்.

"சொன்னா நீங்க ஓட்டமாட்டீங்கன்னா சொல்லாம இருந்தேன்? ஓட்டுவீங்க. அழுதுகிட்டே ஓட்டுவீங்க. கண்ணு தெரியாம எந்தப் பள்ளத்துல எறக்குவீங்களோ."

அவள்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கியது. மறுபடி பெட்டிக்குள் குனிந்தாள். "நில்லுன்னு நான் கேட்ட எடத்துல இதுக பிள்ளை பெத்துக்கிட்டு இருந்திருக்குதுக பாருங்க" என்றாள். "கொஞ்சமாவது மதிச்சுதுகளா."

"இதக் கழுவணும்கா."

"தண்ணி ஊத்திக் கொல்லாத. என் சோத்தத் தின்னது."

தேங்காய்ச் சிரட்டைக் கரண்டியால் ரெடானா கூட்டைக் கட்டி கட்டியாக அள்ளினான். அவள் வேன் படியில் உட்கார்ந்து வாழையிலையில் வாங்கினாள். எறும்புகள் ஊசி குத்தின கையில் ஏறி ஓடின, உதறவில்லை. காரியாசா இலையோடு கொண்டுபோய்க் கிராம்பு மரத்தடியில் நிழலில் வைத்தார். எல்லாம் வரவில்லை. வந்தமட்டும் வந்தது.

பிறகு ரெடானா வேகம் பிடித்தான். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்தான், அழுக்கெடுக்கிற ஸ்பிரே அடித்தான், துணியால் ஒற்றினான். பச்சை பிடித்த நட்டைக் கழற்றி, முனையைப் பளபளவென்று சுரண்டி, இறுக்கி முடுக்கினான். முனைக்கு வாசலைன் தடவினான். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அதன் கால்களைச் சுத்தம் பண்ணிக் குத்தினான். புது ரிலேக்களை உட்கார வைத்தான். கடைசியாக நெகடிவ் முனையை மாட்டினான். டெஸ்ட் லைட்டை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தபோது அந்தச் சின்ன பல்பு ஒவ்வொன்றிலும் எரிந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்ததுதான். இன்றைக்கு ஒவ்வொன்றையும் இரண்டாம் தடவையும் வைத்துப் பார்த்தான்.

"அடிங்க அத்தான்."

வேன் பிடித்துக்கொண்டது. பெட்டியைத் தட்டினான், ஆட்டினான், வயரை இழுத்தான். இஞ்சின் அசரவில்லை. இந்தத் தடவை ஹாரனையும் அடிக்கச் சொன்னான். அடுத்த வளவு வீட்டு நாய்கள் குரைத்தன. மூடியை வைத்து அழுத்தினான். அக்காள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே இதுக்குள்ள ஒண்ணும் வைக்கக்கூடாதா?"

"கூடாதுக்கா."

"அப்ப நான் எங்கடா போய்க் கேக்குறது?"

காரியாசா டிரைவர் இடத்திலிருந்து இறங்கிச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார்.

"என்கிட்ட கேளு" என்றார். "பத்திரமா போகணும்னாலும் என்கிட்ட கேளு. நிறுத்திருங்கன்னு சொல்லணும்னாலும் என்கிட்டயே சொல்லு. நான்தான ஓட்டுறேன். நீ சொல்ற அன்னைக்கு நான் நிறுத்துறேன். அழமாட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நிறுத்துவேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கையை நீட்டினாள், அவர் பிடித்துத் தூக்கி இருக்கையில் உட்கார வைத்தார்.

"சரி" என்றாள் சுமெர்த்தி. "இன்னைக்கு எடுங்க."